பனியில் ஓடும் நாய்க்குப் பாதம் ஏன் உறைவதில்லை?

விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறை நடத்தும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "பனிச்சறுக்கு வீடியோக்களில் ஆள் கனத்த பூட்ஸ் போட்டுக்கொண்டு போகிறார். கூடவே ஓடுகிற நாய் வெறுங்காலோடு வருகிறது. அதன் பாதம் விறைத்துப் போகாதா, சார்?"

நல்ல கேள்வி. இதற்கான பதில் அவருடைய தொழிலுக்குள்ளேயே இருக்கிறது என்பதில் எனக்குப் பெரிய சந்தோஷம்.

ஐப்பசியிலும் கார்த்திகையிலும் நமக்கு அடைமழை. அதே நாட்களில் இமயமலையில் முதல் பனி விழத் தொடங்கும். குல்மார்க்கிலும் ஔலியிலும் சறுக்கும் அளவுக்குப் பனி சேர டிசம்பர், ஜனவரி ஆகிவிடும். நார்வே போன்ற நாடுகளில் சறுக்குபவர் தன் இடுப்புப் பட்டையிலிருந்து நாய்க்குக் கயிறு கட்டி, அதை முன்னால் இழுக்க விடுவார். ஸ்கிஜோரிங் என்று பெயர். இழுக்கும் நாயின் பாதம் நேராகப் பனிக்கட்டியின் மேல்தான் பதிகிறது.

"அதற்கு முடி இருக்கிறதே" என்பது வழக்கமான பதில். பாதத்தின் அடியில் உள்ள கறுத்த மெத்தையில் முடியே கிடையாது. தோல் தடிப்புதான், ஆனால் தடிப்பு குளிரைத் தாமதப்படுத்துமே தவிர நிறுத்தாது. நாயின் உடல் வெப்பம் 38, 39 டிகிரி செல்சியஸ். அந்தச் சூட்டோடு ரத்தம் பாதத்துக்குப் போனால் வெப்பமெல்லாம் பனியில் கரைந்து உடம்பு குளிர்ந்துவிடும். ரத்தத்தையே நிறுத்திவிட்டால் பாதம் உறைந்துவிடும். இரண்டும் ஆபத்து.

நாயின் கால் இதைச் சமாளிக்கும் விதம்தான் அழகு. பாதத்துக்கு ரத்தம் கொண்டுவரும் தமனியை ஒட்டி, அதைச் சூழ்ந்தபடியே, திரும்பிப் போகும் சிரைகள் ஓடுகின்றன. இறங்கும் ரத்தம் சூடு, ஏறும் ரத்தம் குளிர்ச்சி. பக்கத்துக் குழாயிலிருந்து சூட்டை வாங்கிக்கொண்டு சிரை ரத்தம் உடம்புக்குள் நுழைகிறது. சூட்டைக் கொடுத்துவிட்ட தமனி ரத்தம் குளிர்ந்தே பாதம் சேர்கிறது. பனிக்குப் பறிகொடுக்க அதில் பெரிதாக மிச்சமில்லை.

பீங்கான் சுடும் சுரங்கச் சூளையில் நடப்பதும் இதுதான். பச்சைச் சரக்கு ஏற்றிய வண்டி ஒரு முனையில் நுழைந்து நெருப்புப் பகுதியை நோக்கி மெல்ல நகரும். அங்கே 1,200 டிகிரிக்கு மேல் கொதித்த புகை எதிர்த்திசையில் வந்து, வழியிலேயே சரக்கைச் சூடேற்றிவிட்டுத்தான் வெளியேறும். ஏன் எதிர்த்திசை? இரண்டும் ஒரே பக்கமாகப் போனால், 38 டிகிரி ரத்தமும் 0 டிகிரி ரத்தமும் சம அளவில் இருக்கும்போது 19-இல் சமமாகி நின்றுவிடும். பாதிச் சூடுதான் கைமாறும். எதிரெதிராகப் போனால் வழிநெடுக, எந்த இடத்தில் பார்த்தாலும், ஒன்று மற்றதைவிடக் கொஞ்சம் சூடாகவே இருக்கும். அதனால் கொடுக்கல் வாங்கல் கடைசிவரை நிற்பதில்லை. பாதை போதிய நீளமிருந்தால் ஏறக்குறைய மொத்தச் சூடும் கைமாறிவிடும். சூளைக்காரர் பர்னரைக் கூட்டிக் குறைப்பதுபோல, நாய்க்கும் ஒரு திருகு உண்டு. தமனியிலிருந்து சிரைக்கு நேராகப் பாயும் குறுக்குக் குழாய்கள் பாத மெத்தையில் இருக்கின்றன. குளிர் எல்லை மீறும்போது அவை திறந்து, தோலுக்கடியில் கூடுதல் ரத்தத்தைப் பாய்ச்சி உறையாமல் காக்கின்றன. சூளை சூட்டை நடுவில் தேக்குகிறது. நாயோ உடம்பில் தேக்கிக்கொண்டு, பாதத்துக்கு உயிர் தரிக்கும் அளவே அனுப்புகிறது.

இந்த எதிரோட்ட வெப்பப் பரிமாற்றத்தை 1876-இல் உடலியலாளர் கிளாட் பெர்னார் ஊகித்தார். 1950-களில் இன்னொரு உடலியலாளர் ஷோலாண்டர் அதைத் திமிங்கிலத் துடுப்பில் காட்டினார். 1972-இல் ஓநாய், ஆர்க்டிக் நரியின் பாதங்களை மைனஸ் 35 டிகிரித் திரவத்தில் வைத்துப் பார்த்தார்கள். பாதத் திசு மைனஸ் 1 டிகிரி அளவில், திசு உறையும் நிலைக்குச் சற்று மேலே, நிலையாக நின்றது. ஜப்பானின் நினோமியா குழுவினர் வளர்ப்பு நாயின் பாத நாளங்களில் பிசினைச் செலுத்தி, இறுகியபின் சதையைக் கரைத்தெடுத்து, மிஞ்சிய அச்சை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். தமனியைச் சிரைகள் சூழ்ந்திருப்பது துல்லியமாகத் தெரிந்தது.

இந்தப் பாதம் நமக்காகவும் உழைத்திருக்கிறது. 2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில், 19,000 அடிக்கு மேலே, மெட்ராஸ் ரெஜிமென்டின் 19-வது பட்டாலியனைச் சேர்ந்த 10 வீரர்கள் பனிச்சரிவில் புதைந்தார்கள். தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் அதில் உண்டு. தேடலில் டாட், மிஷா என்ற இரண்டு நாய்கள் உழைத்தன. ஆறாம் நாள் லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா உயிரோடு மீட்கப்பட்டார். பிப்ரவரி 11 அன்று மருத்துவமனையில் அவரும் இறந்துபோனார். அந்தப் பனியில் நாயால் நின்று மோப்பம் பிடிக்க முடிவதற்கு, காலுக்குள் இருக்கும் இந்த ஏற்பாடும் ஒரு காரணம்.

ஆனால் "நாய்க்குக் குளிரே தெரியாது" என்று பரப்புவதை நம்பாதீர்கள். இந்த ஏற்பாடு பாதத்தை உறையாமல் காக்கும், அவ்வளவுதான். காது, வால் நுனி, வயிறு ஆகியவற்றுக்கு அது உதவாது. மெல்லிய முடியுள்ள சிப்பிப்பாறை, ராஜபாளையம் நாய்களைப் பனிக்குக் கூட்டிப்போவது கொடுமை. பருவத் தொடக்கத்தில் பனி மெலிதாக இருக்கும், அடியில் கல் ஒளிந்திருக்கும். சறுக்குக் கட்டையின் எஃகு விளிம்பு கத்திபோல் நாயின் காலை வெட்டும். விற்கப்படும் நாய்க் காலணிகள் இந்த வெட்டுக்காயத்துக்கும், விரலிடுக்கில் பனி உருண்டை சேராமலிருப்பதற்கும் உதவும். சூடு தரும் என்ற விளம்பரத்துக்காக வாங்க வேண்டாம்.

பனிக்குப் போகிறவர்கள் அடிக்கடி நின்று நாயின் விரல்களை விரித்துப் பாருங்கள். அது காலை மாற்றி மாற்றித் தூக்கினால், உடனே திரும்பிவிடுங்கள்.