சோம்பல் அல்ல, லூப்பஸ் தரும் களைப்பு

இரவு எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தும், பல் துலக்கி முடிப்பதற்குள் மறுபடியும் படுக்கத் தோன்றுகிறது. குளித்துவிட்டு வந்தால் தலை வாரக் கையைத் தூக்க முடிவதில்லை. லூப்பஸ் நோய் கண்ட பெண்கள் பலர் சொல்வது இதுதான். பார்ப்பதற்கு ஆள் நன்றாகத்தான் இருப்பார். அதனாலேயே, "இந்த வயசுல என்ன அப்படி ஓர் அசதி?" என்ற கேள்வி முதலில் வீட்டிலிருந்துதான் வருகிறது.

கிருமிகளை எதிர்க்க வேண்டிய நோய் எதிர்ப்பு ஆற்றல் தடம் மாறி, சொந்தத் தோல், மூட்டு, சிறுநீரகம் போன்றவற்றையே தாக்குவதுதான் லூப்பஸ். நோயாளிகளில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள். பெரும்பாலும் 15 முதல் 45 வயதுக்குள், அதாவது படிப்பு, வேலை, பிள்ளைப்பேறு என்று ஓடும் காலத்தில், இது தொடங்குகிறது. கன்னத்தில் படரும் சிவப்பும் வீங்கிய மூட்டும் மற்றவர் கண்ணுக்குத் தெரியும். களைப்பு தெரியாது.

சளிக்காய்ச்சலின்போது உடல் துவண்டு போவதற்குக் காரணம், எதிர்ப்பு ஆற்றல் சுரக்கும் சில வேதிப்பொருள்கள். லூப்பஸில் அவை மாதக்கணக்கில் சுரந்துகொண்டே இருக்கலாம். எனினும் எல்லாக் களைப்புக்கும் அது மட்டுமே காரணமன்று. ரத்தப் பரிசோதனை நோய் அடங்கியிருப்பதாகக் காட்டும்போதும் களைப்பு தொடர்வதுண்டு. "ரிப்போர்ட் நல்லா இருக்கே" என்பதோடு பேச்சை முடித்துவிடக் கூடாது. ரத்தசோகை, தைராய்டு குறைபாடு, மனச்சோர்வு, வலியால் கெடும் உறக்கம் ஆகியவற்றுக்குத் தனித்தனியே சிகிச்சை உண்டு. ஸ்டீராய்டு மாத்திரையை மாலையில் சாப்பிட்டாலே சிலருக்குத் தூக்கம் போய்விடும். மருத்துவரிடம் கேட்டுக் காலைக்கு மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அந்த மாத்திரையைத் தாமாகவே திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம்.

களைப்பு என்றதும் தெரிந்தவர் யாராவது ஒரு சத்து மாவையோ மூலிகைப் பானத்தையோ கொண்டுவந்து நீட்டுவார். "எதிர்ப்பு சக்தியைக் கூட்டும்" என்பார். லூப்பஸ் நோயாளிக்குக் கூட்ட வேண்டியது அதுவல்ல! அல்ஃபால்ஃபா, எக்கினேசியா போன்றவை நோயைக் கிளறிவிடக்கூடும். வாங்குமுன் மருத்துவரிடம் காட்டுவது நல்லது.

களைத்தவருக்கு உடற்பயிற்சியா என்று தோன்றலாம். நோய் தீவிரமாக இல்லாத நேரத்தில், அளவான பயிற்சி களைப்பைக் குறைக்கிறது என்பது ஆய்வுகளில் தெரிந்த உண்மை. படுத்தே இருந்தால் தசை தளர்ந்து அசதி இன்னும் கூடும். ஐந்து, பத்து நிமிட நடையில் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டலாம். வெயில் இந்நோயைத் தூண்டும் என்பதால், நம் ஊரில் விடியற்காலையோ பொழுது சாய்ந்த பிறகோ நடப்பது உகந்தது. கடைத்தொகுதிக்குள் நடந்தாலும் சரி.

நல்ல நாள் ஒன்று வாய்த்தால் எல்லா வேலையையும் அன்றே முடித்துவிட்டு, அடுத்த மூன்று நாள் படுக்கையில் கிடப்பதுதான் பலரும் செய்யும் தவறு. தீபாவளி நேரத்தில் இது நிச்சயம் நடக்கும். வீட்டைச் சுத்தம் செய்வது ஒரு வாரம், முறுக்கு சுடுவது மறு வாரம் என்று பிரித்துக்கொள்ளலாம். காய்கறி நறுக்குவதை உட்கார்ந்தே செய்யலாம். முடியாததைக் கடையில் வாங்கினால் பண்டிகை குறைந்துவிடாது.

வழக்கத்துக்கு மாறாகக் களைப்பு திடீரெனக் கூடி, அதோடு காய்ச்சல், கால் வீக்கம், நுரை நுரையாகச் சிறுநீர், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தோன்றினால் அடுத்த பரிசோதனைத் தேதி வரை காத்திருக்கக் கூடாது.

எந்த வேளையில், எந்த வேலைக்குப் பிறகு துவண்டு போகிறார் என்று இரண்டு வாரம் குறித்து வைத்தால் மருத்துவருக்கு உதவியாக இருக்கும். அந்தக் குறிப்போடு கணவரையோ மாமியாரையோ உடன் அழைத்துச் செல்வதும் நல்லது. மருமகள் பலமுறை சொல்லியும் எடுபடாதது, டாக்டர் ஒருமுறை சொன்னால் எடுபடும்.