புலிச்சோழியின் பளபளப்பு

ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையிலிருந்து ஹவாய் தீவுகள் வரை வெப்பமண்டலக் கடல்களில் பரவியிருக்கும் புலிச்சோழி, சோழி இனங்களுள் மிகப் பெரியவற்றில் ஒன்று. 1758ஆம் ஆண்டில் லின்னேயஸ் பெயரிட்டு வகைப்படுத்திய இந்தக் கடல்நத்தை, மன்னார் வளைகுடாவிலும் லட்சத்தீவு, அந்தமான் கடல்களிலும் பவளப்பாறைகளை அண்டி வாழ்கிறது. கருந்திட்டுகள் சிதறிய அதன் ஓடு 15 சென்டிமீட்டர் வரைகூட வளரக்கூடும்.

அந்த ஓட்டின் மினுமினுப்பு கடலலை தேய்த்துத் தந்ததன்று. உயிருள்ள உடல் இடைவிடாமல் செய்துவரும் வேலையின் பயன். நத்தையின் உடலைச் சூழ்ந்து ஓட்டைச் சுரக்கும் மென்தோல் மடிப்பு, பெரும்பாலான நத்தைகளில் ஓட்டுக்குள்ளேயே அடங்கியிருக்க, சோழியிலோ இருபுறமும் வெளியே விரிந்து முதுகின்மேல் ஒன்றையொன்று தொடுமளவு படர்கிறது. ஓட்டின் வெளிப்புறத்திலும் சுண்ணாம்புப் பொருளைப் படலம் படலமாக இட்டு, நிறத்திட்டுகளையும் அதுவே தீட்டுகிறது. இரு மடிப்புகளும் சந்திக்கும் இடமே பல ஓடுகளின் முதுகில் நெடுங்கோடாகத் தெரிகிறது. இந்தப் போர்வை மூடியிருப்பதால் பாசியும் கொட்டலசும் ஓட்டில் ஒட்ட இடம் கிடைப்பதில்லை. போர்வையெங்கும் அடர்ந்த நுண்முளைகள் உயிரைப் பாறையின் சூழலோடு கலந்து மறைத்துவிடுவதால், கடைக்காரர் காட்டும் ஓட்டை மட்டுமே அறிந்தவர் அதே சோழியைக் கடலடியில் கண்டாலும் இனங்காண்பது அரிது.

இளம் சோழியின் ஓடு மெல்லியது, வாயும் அகன்றது. முதிரும்போது வாயின் விளிம்பு உட்புறமாக மடங்கிப் பற்கள் வரிசையிட்ட ஒடுங்கிய பிளவாகிறது. அதன்பின் ஓடு நீளாமல் தடித்துக்கொண்டே போகிறது.

பகலில் பவளக் கிளைகளின் இடுக்கிலும் பாறைக்கடியிலும் பதுங்கும் இவ்வுயிர் இரவில் இரை தேடுகிறது. இளமையில் பாசியை மேய்வது, முதிர்ந்தபின் பெரிதும் கடற்பஞ்சுகளைத் தின்கிறது. ஹவாயில் அயலிலிருந்து வந்து பரவிய கடற்பஞ்சுகளும் இதற்கு இரையாகின்றன. பவளம் சிதைந்தால் ஒளிவிடமும் உணவும் ஒருங்கே போய்விடும்.

உயிர் போனபின் அலையிலும் வெயிலிலும் கிடக்கும் ஓடு விரைவில் மங்கிவிடும் என்பதால், அலங்காரக் கடைகளில் கண்ணைப் பறிக்கும் சோழிகளிற் பெரும்பாலானவை உயிருடன் பிடித்துக் கொல்லப்பட்டவை என்பதை வாங்குவோர் அறிந்திருப்பது நல்லது. பெண் சோழி தன் முட்டைத் திரளின்மேல் அமர்ந்து, குஞ்சுகள் நுண்ணிய இளவுயிரிகளாக நீரில் மிதந்து போகும்வரை அதைக் காக்கிறது. அந்நேரத்தில் தாயை எடுத்துவிட்டால், மீன்களும் நண்டுகளும் உலவும் பாறையில் அத்திரள் காவலின்றிக் கிடக்கும்.