சாவியை இடுப்பில் செருகிக்கொண்ட பாட்டி

தாம்பரம் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லம். மாலை ஐந்து மணிக்குக் கூடத்தில் பன்னிரண்டு பேர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். "கையை இறுக்கி மூடுங்க பாட்டி... ம், இப்ப விட்டுடுங்க" என்கிறார் பயிற்சி தரும் பெண். முதல் வரிசைப் பாட்டிக்கு மூட வருகிறது, திறக்கத்தான் மனமில்லை. உள்ளங்கையில் அலமாரிச் சாவி! "அதை இடுப்புல செருகிக்கோங்க, யாரும் எடுக்க மாட்டாங்க" என்றதும்தான் விரல்கள் பிரிந்தன.

இந்தப் பயிற்சி புதிதல்ல. அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் 1929-லேயே இதைப் புத்தகமாக எழுதிவிட்டார். பாதத்தில் தொடங்கி நெற்றிவரை ஒவ்வொரு தசையாக ஐந்தாறு விநாடி இறுக்கி, பிறகு இருபது விநாடி தளர விட வேண்டும். "கவலைப்படாதே" என்றால் எந்த மனசு கேட்கிறது? தசை சொன்னபடி கேட்கும். அது தளர்ந்தால் மூச்சு நிதானமாகும், படபடப்பும் குறையும். உட்கார்ந்தபடியே செய்யலாம். வலிக்கும் மூட்டை விட்டுவிடலாம். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மூச்சை மட்டும் அடக்கக் கூடாது.

ஆனால் பல இல்லங்களில் இதையும் மாத்திரை கொடுப்பதுபோல் நடத்துகிறார்கள். மணி அடித்தால் எல்லோரும் வந்து உட்கார வேண்டும். எழும் நேரம், காபி நேரம், டி.வி.யில் ஓடும் சீரியல்வரை பிறர் முடிவு செய்யும் இடத்தில், மணியடித்து வரவழைத்தால் மனம் எப்படித் தளரும்?

1976-இல் எலன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற உளவியலாளர்கள் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் செய்த ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு மாடியில் இருந்தவர்களிடம், பிடித்த செடியை எடுத்து நீங்களே வளருங்கள், எந்த நாளில் சினிமா பார்ப்பது என்பதும் உங்கள் இஷ்டம் என்றார்கள். இன்னொரு மாடியிலும் செடி உண்டு; தண்ணீர் ஊற்றுவது மட்டும் நர்ஸ் வேலை. மூன்றே வாரத்தில் முதல் மாடிக்காரர்களிடம் கூடுதல் உற்சாகம் தெரிந்தது.

ஒன்றை மறக்கக் கூடாது. இரண்டு வாரமாகத் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, யாரோடும் பேச்சில்லை என்றால், "வயசானா அப்படித்தான்" என்று விடாமல் டாக்டரிடம் காட்ட வேண்டும். அது மனச்சோர்வாக இருக்கலாம். தசைப் பயிற்சி மட்டும் அதற்குப் போதாது. முதியோருக்கான இலவச உதவி எண்: 14567.

பெற்றோரை இல்லத்தில் சேர்க்கப் போகிறவர்கள் லிஃப்ட் உண்டா, ஏ.சி. உண்டா என்று கேட்கிறார்கள். "அம்மா காலையில் நாலரைக்கே காபி குடிப்பாங்க, கிடைக்குமா?" என்றும் கேட்டுப் பாருங்கள்.