மருந்து தெளிக்கும் முன் இலையைத் திருப்பிப் பாருங்கள்

காராமணிக் கொடியின் நுனியில் அசுவினி அப்பியிருந்தால், சில நாள்களில் பொறிவண்டும் பெரும்பாலும் வந்துவிடும். சிவப்பு அல்லது மஞ்சள் முதுகில் கரும்புள்ளியோ வளைந்த கருங்கோடோ உள்ள இவ்வண்டைப் பலருக்கும் தெரியும். சிக்கல் அதன் புழுவில்தான். கருநிற உடல், மஞ்சள் திட்டுகள், ஆறு கால்கள், கூம்பிய வால். பார்க்கக் குட்டி முதலைதான். கள்ளிக்குப்பத்தில் எங்கள் பள்ளித் தோட்டத்துக்கு உதவ வந்த பெற்றோர் ஒருவர், "இலையெல்லாம் புழு டீச்சர், மருந்தடிச்சிடலாம்" என்று தெளிப்பானோடு நின்றார். அவர் காட்டியவை அத்தனையும் பொறிவண்டின் பிள்ளைகள். வண்டைப் போலவே புழுவும் அசுவினியைத்தான் தின்கிறது. மருந்தடித்தால் இரண்டும் சாகும். ஆனால் அசுவினி வேகமாகப் பெருகித் திரும்பிவிடும், பொறிவண்டு அவ்வளவு விரைவில் திரும்பாது.

வாழ்க்கைச் சுழற்சிப் பாடத்துக்கு இதைவிட எளிய உயிரி கிடைப்பது அரிது. இலையின் அடியில் கொத்தாக நிற்கும் மஞ்சள் முட்டை முதல் வண்டு வரை ஏறக்குறைய மூன்றே வாரம். துணியால் மூடிய பாட்டிலில் அசுவினியுள்ள கிளையையும் ஒரு புழுவையும் விட்டு, நாளுக்கு எத்தனை தின்கிறது என்று மாணவர்களே எண்ணட்டும். (விடையை நான் சொல்லப்போவதில்லை.) பாட்டிலுக்கு ஒரு புழு போதும், இரை குறைந்தால் ஒன்றையொன்று தின்றுவிடும்.

செம்பருத்தி, பப்பாளியில் மாவுப்பூச்சி இருந்தால் கூடுதல் கவனம் தேவை. காப்பிச் செடியின் பச்சைச் செதில்பூச்சிக்காக 1898-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து தென்னிந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட கிரிப்டோலேமஸ் என்னும் பொறிவண்டு, இன்று மாவுப்பூச்சியை ஒழிப்பதில்தான் பெயர் பெற்றிருக்கிறது. அதன் புழுவும் வெள்ளை மெழுகு இழைகளோடு மாவுப்பூச்சி போலவே இருக்கும். குச்சியால் தொட்டுப் பாருங்கள்: மாவுப்பூச்சி அசைவதே அரிது, புழு விறுவிறுவென நகரும்.

எல்லாப் புள்ளி வண்டும் நண்பன் அல்ல. கத்தரி இலையின் பச்சையத்தைச் சுரண்டிச் சல்லடையாக்கும் எபிலாக்னா வண்டும் இதே குடும்பம்தான். செம்பழுப்பு நிறம், 28 புள்ளிகள் வரை. மெல்லிய மயிர் மூடியிருப்பதால் பளபளப்பு இருக்காது. புழு மஞ்சளாக, உடலெங்கும் முள்ளோடு இருக்கும். பள்ளித் தோட்ட அளவுக்கு இவற்றைக் கையால் பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போட்டாலே போதும். பொறுக்கும் குழுவில், இரண்டு புழுக்களையும் பிரித்துச் சொல்லத் தெரிந்த மாணவர் ஒருவராவது இருக்கட்டும்.