ஊருக்குப் போகும் வழியில் குறுக்குவழி இல்லை

பொங்கலுக்கோ தீபாவளிக்கோ முந்தைய மாலையில் மயிலாப்பூரிலும் தி.நகரிலும் கிளம்பும் கார்கள் தாம்பரத்தைத் தாண்டுவதற்குள் இரவுச் சாப்பாட்டு நேரம் கடந்துவிடுகிறது. பழி வழக்கமாகப் பரனூர் சுங்கச்சாவடி மேல் விழும். அண்மைக் காலமாக மெட்ரோ தடுப்புகள் மேலும் விழுகிறது. இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமாகி, சில்லறை எண்ணும் வேலை போன பிறகும் பண்டிகை நாள் வரிசை போகவில்லை. லஸ்ஸிலும் கச்சேரி சாலையிலும் மெட்ரோவுக்காகத் தோண்டத் தொடங்கும் முன்பே பெருங்களத்தூர் என்றால் தென்மாவட்டப் பயணிகள் பெருமூச்சு விட்டார்கள். சிக்கல் இவற்றுக்கெல்லாம் மூத்தது.

தென்சென்னையின் நில அமைப்பில் அது இருக்கிறது. மயிலையிலிருந்து தெற்கே போக முதலில் அடையாற்றைக் கடக்க வேண்டும். திரு.வி.க. பாலம், கோட்டூர்புரம் பாலம், சைதாப்பேட்டை மறைமலை அடிகள் பாலம் என முக்கியமாக மூன்றே வழிகள். கடந்தால், கிண்டி தேசியப் பூங்காவும் ஐஐடி வளாகமும் ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. அடையாறு பக்கத்திலிருந்து கிண்டிக்குப் போக சர்தார் பட்டேல் சாலையை விட்டால் நேர்வழி கிடையாது. தெற்கே தள்ளிப் போனால் தரமணி, வேளச்சேரி வழி. அதற்கும் தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். அதன் குறுக்கே துரைப்பாக்கம்–பல்லாவரம் சாலை. எதில் போனாலும் கத்திப்பாராவிலோ பல்லாவரத்திலோ தாம்பரத்திலோ ஜி.எஸ்.டி. சாலையில்தான் ஏற வேண்டும். வண்டலூரில் அந்தச் சாலைக்கும் ஒரு பக்கம் ரயில் பாதை, மறுபக்கம் உயிரியல் பூங்கா. ஆறும் காடும் சதுப்பும் நகரத்துக்கு வேண்டியவை. அவற்றைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அவை இருக்கும்வரை, செல்போன் காட்டும் சந்து எதுவும் புது வழி அல்ல. அதே வாய்க்கு வேறு பக்கத்திலிருந்து வந்து சேருவதுதான்.

"சந்தில் புகுந்து பத்து நிமிடம் மிச்சம் பிடித்தேனே" என்று ஒருவர் சொன்னால் அது பொய்யில்லை. சந்திலிருந்து அவர் மீண்டும் பெரிய சாலையில் நுழையும்போது பின்னால் வருகிறவர் பிரேக் போடுகிறார், அவருக்குப் பின்னால் இருப்பவரும் போடுகிறார். பத்து நிமிடத்தைக் கொடுத்தவர்கள் அவர்கள்தான். அதே சந்தை அதே நொடியில் ஆயிரம் போன்கள் காட்டும்போது அந்த மிச்சமும் போய்விடுகிறது. ஒவ்வொருவரும் தனக்கு வேகமான வழியைத் தேர்ந்தெடுத்தால், கூடுதலாக ஒரு வழி இருப்பதே எல்லோரையும் தாமதப்படுத்தலாம் என்று டீட்ரிஷ் பிரேஸ் என்ற ஜெர்மானியக் கணித அறிஞர் 1968-இல் காட்டினார். பண்டிகைதோறும் காவல்துறை சொல்லும் திருப்போரூர்–செங்கல்பட்டு வழி மட்டும் இதில் சேராது. அது தாம்பரத்தையும் பரனூரையும் உண்மையிலேயே தவிர்க்கிறது. அடையாறுவாசிக்கு அதுவே உத்தமம், ராஜீவ் காந்தி சாலையில் மெட்ரோ தூண்கள் எழும் இடங்களைப் பொறுத்துக்கொண்டால்.

சாலையை அகலப்படுத்தலாமே என்பார்கள். ஜி.எஸ்.டி. சாலையை அகலப்படுத்தினார்கள், மேம்பாலங்களும் கட்டினார்கள்; நெரிசல் அடுத்த சந்திப்புக்குக் குடிபெயர்ந்தது. வெளியூர்ப் பேருந்துகளைக் கோயம்பேட்டிலிருந்து நகர்த்த 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் முனையம் திறக்கப்பட்டது. யோசனை சரிதான். ஆனால் பக்கத்திலேயே தண்டவாளம் ஓடியும் திறந்த நாளில் அங்கே ரயில் நிலையம் இல்லை. விமான நிலையத்திலிருந்து வர வேண்டிய மெட்ரோவும் இல்லை. மூட்டை முடிச்சோடு மந்தைவெளியிலிருந்து போகிறவர் ஆட்டோவோ காரோ பிடித்து, தவிர்க்கச் சொன்ன அதே சாலையில்தான் போக வேண்டியிருந்தது. மயிலாப்பூருக்குப் பறக்கும் ரயில் 1997-இலேயே வந்துவிட்டது. வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்கு வெறும் ஐந்து கிலோமீட்டர் இணைப்பு வேலை 2008-இல் தொடங்கி, நில வழக்குகளில் மாட்டி, பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் இழுத்தது. தாம்பரம் ரயிலில் மாறிக்கொள்ள உதவும் அந்த ஐந்து கிலோமீட்டர், எந்த மேம்பாலத்தையும் விட இந்தப் பகுதிக்கு அவசரமானது என்பது என் கணிப்பு.

இடத்தில் கிடைக்காத வசதி நேரத்தில் கிடைக்கும். ஒரே மாலையில் கிளம்புவதை இரண்டு மூன்று நாட்களுக்குப் பிரித்தால், இருக்கிற சாலையே ஓரளவு போதும். அலுவலகம் லீவு தந்தால்தானே என்ற மறுப்பு நியாயமானது; மாதச் சம்பளக்காரர் கிளம்பும் நேரத்தை அவரா முடிவு செய்கிறார்? அதனால்தான் இதைப் பயணியின் பொறுப்பாக விட முடியாது. 2024 தீபாவளி அக்டோபர் 31, வியாழக்கிழமை வந்தது. தமிழக அரசு மறுநாள் நவம்பர் 1-ஐ விடுமுறையாக்கி, ஈடாக நவம்பர் 9 சனிக்கிழமையை வேலை நாளாக்கியது. அது திரும்பி வருவோருக்கு உதவிய நாள். அதே ஏற்பாட்டைப் பண்டிகைக்கு முன்பக்கம், துறைக்கு ஒரு நாளாக மாற்றி மாற்றிச் செய்து பார்க்கத் தடை எதுவும் இல்லை. ரயில் முன்பதிவு அறுபது நாள் முன்னதாகவே திறந்துவிடுவதால், அறிவிப்பு அதற்கும் முன்பே வந்தாக வேண்டும். பண்டிகைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது வரும் அரசாணையால் டிக்கெட் கிடைக்காது.