திரை விழுங்கிய நினைவகம்

காசிமேட்டு விசைப்படகின் மீன் அறையை நாம் கண்டிருக்கிறோம். பனிக்கட்டி கூடினால் மீனுக்கு இடம் குறையும். 1984-இல் நடுவண் அரசு தொடங்கிய ‘கிளாஸ்’ திட்டத்தின்வழிப் பள்ளிகளுக்கு வந்த பி.பி.சி. மைக்ரோ கணிப்பொறியின் நினைவகமும் அத்தகையதே. இருந்த 32 கிலோபைட்டில், நுண்ணிய படக்காட்சிக்குத் திரையே 20 கிலோபைட்டை விழுங்கிவிடும்; மாணவர் எழுதும் நிரலுக்கு எஞ்சியது 12-க்கும் குறைவு. படம் வேண்டுமா, பெரிய நிரல் வேண்டுமா?

இடத்தை வெறுமனே கூட்டவும் இயலாது. அதன் 6502 சில்லு 64 கிலோபைட்டுக்கு மேல் முகவரி அறியாது. அதில் மறுபாதி, அழியா நினைவகத்துக்கும் பிற உறுப்புகளுக்கும் உரியது. ஆகவே ‘ஏரீஸ் பி20’ போன்ற துணைப்பலகைகள் வந்தன. சில்லைக் கழற்றி, அக்குழியில் பலகையைச் செருகி, சில்லைப் பலகைமேல் அமர்த்துவர். திரை பழைய இடத்திலேயே தங்கும். அப்பலகையின் 20 கிலோபைட் நிரலுக்காகும். கைந்நடுக்கம் உள்ளோர் இதில் இறங்காதிருத்தல் நலம். சில்லின் 40 கால்களுள் ஒன்று மடங்கினாலும் பொறி ஊமையாகிவிடும்.