விரிய இடம் கேட்கும் இரும்பு

காலையில் முதல் ஸ்டார்ட்டில் 'டிக் டிக்' என்று ஒரு சத்தம் வரும். வண்டி சூடேறியதும் அடங்கிவிடும். பழைய அம்பாசடர் வைத்திருப்பவர்கள் பலர் இதை டாப்பெட் சத்தம் என்று எண்ணி, வால்வு இடைவெளியைத் திரும்பத் திரும்பச் சரிபார்க்கச் சொல்கிறார்கள். குழம்புவதற்குக் காரணம் உண்டு. ஐடிலிங்கில் நிமிடத்துக்கு 800 சுற்று சுற்றும் இன்ஜினில் ஒவ்வொரு சிலிண்டரும் 400 முறை புகை தள்ளும். அதன் வால்வும் 400 முறைதான் திறந்து மூடும். இரண்டுக்கும் தாளம் ஒன்றே.

காட்டிக்கொடுப்பது சூடுதான். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் கசிவு இருந்தால், இரும்பு விரிந்து இடுக்கு அடைபடும்போது சத்தம் குறையும். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் கூடும். டார்ச் அடித்துப் பாருங்கள். ஹெட்டும் மேனிஃபோல்டும் சேரும் ஓரத்தில் கரி படிந்த கோடு தெரியும்.

சிலிண்டர்களிலிருந்து வரும் புகையை வாங்கி ஒரே குழாயில் விடும் வார்ப்பிரும்புத் துண்டுதான் மேனிஃபோல்டு. அம்பாசடரில் நெடுங்காலம் இருந்த 1489 சிசி பெட்ரோல் இன்ஜின், பிரிட்டனின் பிஎம்சி நிறுவனம் வடிவமைத்த பி-சீரிஸ் வகை. அதில் நான்கு சிலிண்டருக்குப் புகை வாய்கள் மூன்றுதான். நடுவில் உள்ள 2, 3 ஆகிய இரு சிலிண்டர்களும் ஒரே வாயைப் பகிர்ந்துகொள்கின்றன. ஓரத்து வாய்களைக் கடக்கும் சூட்டைப் போல இரண்டு மடங்கு நடு வாயைக் கடக்கிறது. ஒரே இரும்புத் துண்டு, இடத்துக்கு இடம் வேறு வெப்பம். கசிவுக்கு வழிவிடும் விரிசலின் வேர் இங்கேதான்.

40 செ.மீ. நீள மேனிஃபோல்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் வெப்பம் 500 டிகிரி செல்சியஸ் ஏறினால் நீளம் ஏறத்தாழ 2 மி.மீ. கூடும். அது பூட்டப்பட்டிருக்கும் ஹெட்டும் இரும்புதான். ஆனால் தண்ணீர் ஓடிக் குளிர்விப்பதால் அது 90 டிகிரி அளவில் நின்றுவிடுகிறது. கால் மில்லிமீட்டர் விரிந்தாலே பெரிது. நட்டுகள் அசையவிடாமல் பிடித்திருந்தால் மேனிஃபோல்டு எங்கே போகும்? சூட்டில் இளகிய பகுதி தனக்குள்ளேயே நசுங்கிக்கொள்கிறது. வண்டியை நிறுத்தி ஆறவிடும்போது, நசுங்கிய இடம் பழைய நீளத்துக்குத் திரும்ப முடியாமல் இழுபடுகிறது. மாட்டுவண்டிச் சக்கரத்தில் சூடாக மாட்டிய பட்டை ஆறியதும் மரத்தை இறுக்கிப் பிடிக்குமே, அதே விசை இங்கே இரும்பையே பிளக்கப் பார்க்கிறது. விரிசல் பெரும்பாலும் விழுவது வண்டி ஓடும்போது அல்ல, ஓடி முடித்து ஆறும்போது.

வார்ப்பிரும்பின் உடம்பும் இதற்கு உடந்தை. அதில் 3 சதவீத அளவுக்குக் கார்பன் உண்டு. பெரும்பகுதி மெல்லிய கிராஃபைட் செதில்களாக உள்ளே பரவிக் கிடக்கும். அமுக்கினால் தாங்கும், இழுத்தால் செதில் ஓரங்களில் கிழிசல் தொடங்கிவிடும். மழைக்காலத்தில் சென்னையின் கொரட்டூர்ப் பக்கம் தேங்கிய தண்ணீரில் சூடான வண்டியை விட்டால், ஒரே வாரியிறைப்பில் பல வருடத் தேய்மானம் நடந்துவிடும்.

புதிதாக மாற்றிவிடலாமே என்று தோன்றும். அம்பாசடர் தயாரிப்பு 2014-இல் உத்தரபாராவில் நின்றுவிட்டது. பழையதையே மாதிரியாக மணலில் பதித்து வார்க்கச் சொல்பவர்கள் உண்டு. அங்கே ஒரு கண்ணி இருக்கிறது. உருகிய இரும்பு இறுகி ஆறும்போது நீளத்தில் சுமார் 1 சதவீதம் சுருங்கும். 40 செ.மீ. துண்டு 4 மி.மீ. குறைந்து வரும், ஸ்டட்டு துளைகள் ஹெட்டோடு பொருந்தாது. பேட்டர்ன் செய்பவர் அந்தச் சுருக்கத்தைக் கூட்டித்தான் மரத்தில் அளவெடுக்க வேண்டும்.

இன்னொன்று, 2021-இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்த்த திருத்தம். 50 வருடம் கடந்த கார்களையும் இருசக்கர வாகனங்களையும் 'விஏ' எழுத்துள்ள தனி எண்ணில் விண்டேஜாகப் பதியலாம். ஆனால் வண்டி மூல வடிவில் இருக்க வேண்டும். ஒரிஜினல் வார்ப்பைப் பிழைக்கவைப்பதே முதல் முயற்சியாக இருக்கவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதற்கு ஏற்ற ஊர் சென்னை. பாடியில் 1961-இல் லூகாஸ் டிவிஎஸ் தொடங்கியது. அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-இல் வந்தது. மோட்டார் உதிரிபாகத்தோடு இந்த வட்டாரத்துக்கு 60 வருடப் பழக்கம். லேத், கிரைண்டிங், வார்ப்பு எல்லாம் சில கிலோமீட்டருக்குள் கிடைக்கும்.

எபாக்ஸி பட்டி பூசி அடைப்பது வீண். அந்தச் சூட்டில் கருகி உதிரும். பித்தளைப் பற்றும் இந்த இடத்துக்கு ஆகாது. அது சுமார் 900 டிகிரியில் உருகும், அதற்கு வெகு முன்பே வலுவிழக்கும். சரியான வேலை இப்படி நடக்கும்: விரிசலின் இரு முனைகளிலும் சிறு துளை போட்டால் அது மேலும் ஓடாது. பிறகு விரிசல் நெடுக 'வி' வடிவில் பள்ளம் வெட்டி, முழுத் துண்டையும் 600 டிகிரி அளவுக்குச் சீராகச் சூடேற்றி, வார்ப்பிரும்புக் கம்பியால் கேஸ் வெல்டிங் செய்ய வேண்டும். நிக்கல் ராடில் ஆர்க் வெல்டிங் செய்பவர்கள் ஓர் அங்குலம் மட்டும் பற்றவைத்து, சூடு தணியுமுன் சுத்தியலால் மெல்லத் தட்டி, காத்திருந்து அடுத்த அங்குலத்துக்குப் போவார்கள். தட்டுவது அலங்காரத்துக்கு அல்ல. ஆறும்போது வரும் இழுவிசையைத் தளர்த்தத்தான்.

முடித்ததும் காற்றில் வைக்கவே கூடாது. வேகமாக ஆறினால் கார்பன் கிராஃபைட்டாகப் பிரிய நேரமில்லாமல் இரும்போடு கூடி, டிரில்கூட ஏறாத, கண்ணாடிபோல் நொறுங்கும் வெள்ளை வார்ப்பாகிவிடும். சாம்பலிலோ சுண்ணாம்புத் தூளிலோ புதைத்து மறுநாள்தான் எடுக்க வேண்டும். அவசரக்காரர் இந்த வேலையைக் கொடுக்காமல் இருப்பதே நல்லது.

அடுத்து முகப்பு. ஸ்டீல் ஸ்கேலை நிமிர்த்தி வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் நுழைகிறதா என்று பார்த்தால் வளைவு தெரிந்துவிடும். இன்லெட்டும் எக்ஸாஸ்டும் ஒன்றோடொன்று பூட்டப்படும் வண்டிகளில் இரண்டையும் சேர்த்துப் பூட்டிய பிறகே அரைக்க வேண்டும். தனித்தனியாக அரைத்தால் மட்டம் சேராது. பழைய கேஸ்கெட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். உலர்ந்த நிலையில் கம்பி பிரஷ் போடாதீர்கள், நனைத்துச் சுரண்டுங்கள். துரு பிடித்துக்கொள்ளாத பித்தளை நட்டு போடுங்கள். நடுவிலிருந்து ஓரத்துக்கு, இரண்டு மூன்று சுற்றாக, குறித்த அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். கசிகிறதே என்று பைப்பைச் செருகி ஸ்பானரை இழுப்பவர்கள்தான் அடுத்த விரிசலுக்கு விதை போடுகிறார்கள். இரும்பு நகர்ந்துகொள்ள ஸ்டட்டு துளைகளில் விட்டிருக்கும் சிறு தளர்வை மதிக்க வேண்டும். ஒருமுறை ஓட்டி, முழுக்க ஆறிய பின் மறுபடி சரிபார்க்க வேண்டும்.

சத்தம்தானே என்று விட்டுவிடக் கூடாது. கார்புரேட்டர் வண்டியின் புகையில் கார்பன் மோனாக்சைடு நிறையவே இருக்கும். நிறமோ மணமோ இல்லாத அந்த வாயு, ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாக ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும். பானெட்டுக்குள் கசிவது பெடல் துளை, ஒயர் துளை வழியாகக் கேபினுக்குள் வரும். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பூந்தமல்லி நெடுஞ்சாலை நெரிசலில் ஊரும்போது தலை வலித்தால் வெயில்தான் என்று சொல்லிக்கொள்ளாதீர்கள். இதில் புகைப் பரிசோதனையை நம்பவும் முடியாது. புகை துடிப்புத் துடிப்பாக வருவதால், இரண்டு துடிப்புக்கு நடுவே அதே இடுக்கு வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். சைலன்சர் வாயில் செருகிய கருவிக்குத் தெரிவது காற்று கலந்த புகை. பழைய பெட்ரோல் கார்களுக்கான 3 சதவீத வரம்புக்குள் அளவு வந்துவிடும், சான்றிதழும் கிடைத்துவிடும். பரிசோதனை நிலையத்துக்குப் போகும் முன்பே, இன்ஜின் குளிர்ந்திருக்கும் காலையில், டார்ச்சோடு பானெட்டைத் திறந்து பார்த்துவிட வேண்டும்.